ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை

“ரெண்டும் ஒண்ணு இல்லீங்க சார்” என்று அந்தப் பெண் சொன்னதும் நாச்சிமுத்துவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். விழுந்துவிட்டாள் என்கிற அற்ப சந்தோஷம். அரேக்கும் பாயின்டருக்கும் என்ன வித்தியாசம் என்பது அவருடைய கேள்வி. தொழிற்சாலைகளுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்துகொடுக்கிற கம்பெனி அது. கோயமுத்தூர் கணபதியில் அதன் மாடியறையில் உட்கார்ந்து, ப்ரோக்ராம் எழுத வேலை கேட்டு வருகிற ஒருத்தரையும் விடாமல் ஒன்பது வருஷமாக அதைக் கேட்டு வருகிறார். கேட்டுவிட்டு நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொள்வார். வித்தியாசம் என்று ஆரம்பித்து எதை அடுக்கினாலும் தப்பு. வித்தியாசமே கிடையாது, அரேயின் பெயரே ஒரு பாயின்டர்தான் என்று சொல்கிறவருக்கே டிக். காலேஜ் முடித்த வருஷம் காந்திபுரத்து கோச்சிங் சென்டர் ஒன்றில் வாங்கிய ஜெராக்ஸ் நோட்டில் அப்படித்தான் இருந்தது, அடிக்கோடு போட்டு. நோட்டு எங்கேயோ போய்விட்டது, அடிக்கோடு மட்டும் மண்டைக்குள் அப்படியே கிடக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவள் ஹாஜிரா, பல்லடம், இந்த வருஷம்தான் படிப்பை முடித்தவள், பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். பக்கத்தில் ஹெச்.ஆர். சுகந்தி, கையில் பெயர்ப் பட்டியலோடு. வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருக்கிறார்கள், மணி பன்னிரண்டேகால் ஆகிவிட்டது, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்து, குரலில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, “எப்படி ஒண்ணு இல்லைங்கறீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்றார்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. “சார், நாங்க குடியிருக்கறது லைன் வீடுங்க. ஒரே வரிசைல எட்டு வீடு. மண்ணுல நிக்குதுல்லங்க, அந்த எட்டு வீடும் சேர்ந்ததுதான் அரே. முதல் வீட்டு அட்ரஸை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உங்ககிட்டக் குடுத்தா அந்தச் சீட்டு பாயின்டர். சீட்டை வெச்சுட்டு நேரா எங்க லைனுக்கு வந்துரலாம், முதல் கதவைத் தட்டலாம், அப்படியே அடுத்த கதவு, அதுக்கு அடுத்த கதவுன்னு தட்டிட்டே போலாம். அதனால பழகறதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்குமுங்க. ஆனா எத்தனை வீடுன்னு சீட்டை அளந்து பார்த்தாத் தெரியாது. எட்டு வீடுன்னாலும் எண்பது வீடுன்னாலும் சீட்டு ஒரே சைஸ்தான்.” நாச்சிமுத்து சிரித்த முகமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். லைன் வீடு, துண்டுச் சீட்டு, பரவாயில்லை, பேசத் தெரிந்த பிள்ளை, தப்பாகப் பேசினாலும் அழகாகப் பேசுகிறது. “சரிங்க, இதனால நிஜ வேலைல என்ன கெட்டுப்போகுது?” என்றார். அவள் பேனாவை மூடினாள். “ஒரு ஃபங்ஷனுக்கு அரேயைக் குடுக்கறோம்னு நாம நினைச்சுக்குவோமுங்க. உள்ள போறது சீட்டு மட்டும்தான். வீடெல்லாம் இருந்த எடத்துலயேதான் இருக்கும். அந்த ஃபங்ஷனுக்குள்ள போயி சைஸ்ஆஃப் போட்டு எத்தனை பைட்டுன்னு அளந்தா, சீட்டோட அளவுதான் வருமுங்க சார். முப்பத்திரண்டு பிட் சிப்புன்னா நாலு. உள்ள எத்தனை இருந்தாலும் நாலு.”

நாலு. நாச்சிமுத்து தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்த வேண்டும் என்று தோன்றாமல். நாலு என்றால் நாலு, அதில் என்ன இருக்கிறது, நாலு ஒரு சின்ன எண்தானே. சைஸ்ஆஃப் என்கிற அந்த அளவு கேட்கும் கட்டளையை ஃபங்ஷனுக்கு உள்ளே, தனியாக எழுதி வைக்கிற அந்தச் சிறு வேலைக்கு உள்ளே, யார் போடுவார்கள், எந்த மடையன் போடுவான், அவர் போட்டிருக்கிறார். எங்கே என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, கை எழுதியது கைக்கு ஞாபகம் இருக்கிறது. தூத்துக்குடி. இறால் உரித்து உறைய வைக்கிற அந்தக் கம்பெனி. குளிரூட்டுகிற குழாய் முழுக்க அமோனியா ஓடும், எங்கேயாவது கசிந்தால் பெட்டி அலற வேண்டும், பன்னிரண்டு ரூம், ரூமுக்கு ஒரு சென்சார், ஒரு சென்சாருக்கு ஒரு பைட், பெட்டிக்குள் அதே முப்பத்திரண்டு பிட் சிப்பு. பன்னிரண்டையும் ஒரு அரேயில் வரிசையாக வைத்து, எதிலாவது அளவு தாண்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு ஒரு ஃபங்ஷன் எழுதி, பூஜ்யத்தில் ஆரம்பித்து சைஸ்ஆஃப் வரைக்கும் சுற்று என்று எழுதினார். என்ன கச்சிதம் என்று அன்றைக்கு அவரே மெச்சிக்கொண்டார். எண்ணை நேரடியாகப் போடாமல் அளந்து வாங்கிக்கொள்கிறோம், நாளைக்கே இருபது ரூம் ஆனாலும் கைவைக்க வேண்டாம். அளந்து வாங்கியது எதை. சீட்டை. இல்லை, அப்படி இருக்காது. டெஸ்ட் பண்ணினோமே. கீழே ஒர்க் ஷாப்பில் அமோனியா பாட்டிலை ஒவ்வொரு சென்சார் பக்கத்திலும் திறந்து காட்டி, ஒவ்வொரு தடவையும் அலறி, சுகந்திகூட காதைப் பொத்திக்கொண்டு மாடியிலிருந்து எட்டிப்பார்த்தாளே. எல்லா சென்சாருக்கும் அலறியது. எல்லாம் என்றால் எத்தனை. ஒர்க் ஷாப்பில் வைத்துப் பார்த்த மாதிரிப் பலகையில் எத்தனை சென்சார் இருந்தது. அவருக்கு அந்தப் பலகை பச்சை நிறத்தில் கண்ணெதிரே வந்து நின்றது, மூலைக்கு ஒன்றாக.

“ஹாஜிரா,” என்றார், “அந்த அரேலயே மொத்தம் நாலு பைட்டுத்தான் இருக்குதுன்னு வெச்சுக்குங்க. அப்ப?” அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். “அப்பக் கரெக்டா வருமுங்க சார். ஒண்ணும் தெரியாது. வீடும் நாலு, சீட்டும் நாலு. அப்படி வந்துட்டாத்தான் வம்பு, டெஸ்ட்டுல பாஸ் ஆயிரும்.” பாஸ் ஆயிரும். ஆகிவிட்டது. ஆகி, பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, மூன்று வருஷமாகச் சுவரில் தொங்குகிறது. சுகந்தி ஏதோ சொன்னாள், சார் டீ ஆறுது என்றோ என்னவோ. அவர் டம்ளரைப் பார்த்தார், ஆடை கட்டியிருந்தது. வாசலில் இருக்கிற ஆறு பேரில் யாரோ இருமினார்கள், அந்த இருமலுக்கு அவர் திடுக்கிட்டார். லேப்டாப் அங்கேயே இருந்தது. திறக்காமல் இருக்கலாம். திறந்தால் அந்த வரி இருக்கும். ஒருவேளை மாற்றியிருக்கலாமே, நடுவில் எப்போதாவது, பதிப்பு இரண்டில், மூன்றில், யாராவது புண்ணியவான். திறந்தார். தேடினார். யாரும் மாற்றவில்லை, வரி அவர் எழுதின இடத்தில் எழுதின மாதிரியே உட்கார்ந்திருந்தது, ஒரு எழுத்து குறையாமல். பழக்கதோஷத்தில், எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைல் பட்டனை அமுக்கினார், பக்கம் பக்கமாக மஞ்சள் எச்சரிக்கைகள் ஓடின, எப்போதும் ஓடுகிறதுதான், நூற்றுச் சொச்சம், இந்த ஆபீஸில் யாரும் மஞ்சளைப் படிப்பதில்லை, சிவப்பு இல்லையென்றால் சரக்கு கிளம்பும் என்பது அவரே ஏற்படுத்திய வழக்கம். நிறுத்தி மேலே போய்ப் படித்தார். நூற்றுச் சொச்சத்தில் முப்பத்தெட்டாவது. நீ அளப்பது அரேயை அல்ல, பாயின்டரை என்று கம்ப்யூட்டர் பச்சைப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லியிருந்தது. ஒவ்வொரு தடவை கம்பைல் செய்தபோதும் சொல்லியிருந்தது. மூன்று வருஷமாக.

தூத்துக்குடியில் பார்த்திருக்கலாம். போய்த்தானே மாட்டினார்கள், அவரும்தானே போனார், இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி. பன்னிரண்டு ரூமிலும் பாட்டிலைத் திறந்து காட்டுகிறேன் என்றுதான் சொன்னார். அங்கே முதலாளி, நல்ல நேரம் ஒன்பதேகாலோடு முடிகிறது, ஈசானிய மூலையில் இருக்கிற முதல் ரூமில் மட்டும் வைத்துக் காட்டுங்கள், அது போதும் என்றார். மற்ற ரூமில் சரக்கு இருக்கிறது, வாடை பட்டால் ஏற்றுமதிக்குப் போகாது. கற்பூரம் காட்டி, பெட்டிக்குச் சந்தனம் வைத்து, பாட்டில் மூடியைத் திறந்ததும் முதல் ரூம் அலறியது, எல்லாரும் கைதட்டினார்கள், நாச்சிமுத்துவுக்கு ஒரு துண்டு போட்டார்கள். ரூமுக்கு ஒரு விளக்கு வைக்கலாம் என்று யோசனை இருந்தது. பன்னிரண்டு விளக்கு வைத்தால் குழம்பிப்போவார்கள், பச்சை ஒன்று சிவப்பு ஒன்று போதும் என்று சொன்னதும் அவர்தான். அப்படியானால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அங்கே அளவு பார்க்கிறது பெட்டி. ஐந்தாவது ரூமில் சென்சார் இருக்கிறது, நல்ல சென்சார், மோப்பம் பிடித்து எண்ணாக மாற்றி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது, அரேயில் ஐந்தாவது இடத்தில் அந்த எண் வந்து உட்கார்ந்துகொண்டேதான் இருக்கிறது, அதைத் திரும்பிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆறு. ஏழு. ஏழாம் ரூம்.

போன வியாழக்கிழமை ஃபோன் வந்ததே. இசக்கிராஜா, அங்கே ப்ளான்ட்டைப் பார்த்துக்கொள்கிற ஆள், பவ்யமான ஆள். சார் ஏழாம் ரூம்ல பொம்பளையாளுக கண்ணு எரியுதுன்னு சொல்லுதாவ, தொண்டை கரகரங்குதாம், கொஞ்சம் பாருங்க சார். நாச்சிமுத்து அப்போது ரத்தினபுரி சிக்னலில் நின்றுகொண்டிருந்தார், பின்னால் ஒரு வேன்காரன் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான். பெட்டி என்ன காட்டுதுங்க என்று கேட்டார். பச்சை சார். பச்சைன்னா ஒண்ணும் இல்லீங்க, தரை கழுவறதுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவாங்கல்ல, அந்த நெடியா இருக்கும், பெட்டி பொய் சொல்லாதுங்க. பெட்டி பொய் சொல்லாது. இதைச் சொன்ன வாய் இதே வாய். சொல்லிவிட்டு சிக்னல் விழுந்து, வீட்டுக்குப் போய், கொள்ளுப் பருப்பு சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிரிக்கெட் பார்த்தார். வியாழன் போய் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், இன்றைக்கு செவ்வாய். ஐந்து நாளாக அங்கே ஒரு கசிவு இருக்கிறது, சின்னதாக, வால்வு ஓரமாக, கண்ணை எரிக்கிற அளவுக்கு. சின்னக் கசிவு சின்னதாகவே இருக்கும் என்று யார் சொன்னது. குழாய் ஒரு நொடியில் பிளந்துகொள்ளும், மூடின ரூம், வெளியே வர ஒரே கதவு, அந்த எட்டு ரூமிலுமாக முப்பது பேர் கையில் இறாலோடு நிற்பார்கள், பச்சை எரிந்துகொண்டிருக்கும். இப்போதும் நின்றுகொண்டிருப்பார்கள், மணி பன்னிரண்டரை, சாப்பாட்டுக்கு ஒன்றரைக்குத்தான் விடுவார்கள். எதிரே ஹாஜிரா உட்கார்ந்திருந்தாள், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. எத்தனை முகங்கள் இந்த நாற்காலியில் இப்படிச் சின்னதாயின. ஒரு பையன் சண்டையே போட்டான், சேலத்துப் பையன், இல்லீங்க சார் அளந்து காட்டட்டுமா என்று பேப்பரை இழுத்தான், காட்ட விடவில்லை, அவன் பெயருக்குப் பக்கத்தில் அதிகப்பிரசங்கி என்று எழுதினார். அந்தப் பையன் அன்றைக்கு இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். அவனை உள்ளே எடுத்திருந்தாலே போதும், முதல் வாரத்திலேயே அந்த வரியில் விரலை வைத்திருப்பான். தெரிந்தவர்களையெல்லாம் வடிகட்டி வெளியே அனுப்பிவிட்டு, தெரியாதவர்களாகப் பார்த்துச் சேர்த்து, மஞ்சளைப் படிக்காதே என்று சொல்லிக்கொடுத்து, இந்த ஆபீஸைக் கட்டியிருக்கிறார். உள்ளே இருக்கிற பதினொரு பேரில் ஒருவருக்காவது இது தெரியுமா. தெரியாது. தெரியாது என்பதற்குத்தான் அவரே டிக் போட்டு எடுத்திருக்கிறார்.

யாருக்கும் தெரியாமலும் முடிக்கலாம். இந்த நினைப்பு வந்த விதம்தான் கேவலம், தயாராக, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தது. சைஸ்ஆஃபை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று போட ஒரு நிமிஷம். வழக்கமான புதுப் பதிப்பு என்று பெயர் வைத்து அனுப்பினால் இசக்கிராஜா ராத்திரி ஷிஃப்ட் மாறுகிறபோது ஏற்றிக்கொள்வான், பெட்டி ஏழாம் ரூமுக்காக அலறும், பார்த்தீர்களா எங்கள் பெட்டி எவ்வளவு உஷார் என்று சொல்லிக்கொள்ளலாம், இன்னொரு துண்டுகூடப் போடுவார்கள். ராத்திரி ஷிஃப்ட் மாற இன்னும் ஒன்பதரை மணி நேரம். ஒன்பதரை மணி நேரம் அந்த முப்பது பேர் நிற்பார்கள். நிற்கட்டுமா. அஞ்சு நாள் நின்றார்களே என்று உள்ளே யாரோ சொன்னார்கள், அது அவரேதான், அவருடைய குரலேதான். அவருக்குத் தன்னைப் பார்த்தே பயமாகிவிட்டது. “சார், அடுத்தவங்களைக் கூப்பிடட்டுங்களா?” என்றாள் சுகந்தி. “வேண்டாம்” என்றார். அது கொஞ்சம் பெரிய சத்தமாக வந்துவிட்டது. ஹாஜிரா எழுந்துவிட்டாள். “நீங்க உட்காருங்க. நீங்க சொன்னது சரி” என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவர்கள் இருவருக்கும் முன்னாலேயே ஃபோனை எடுத்து இசக்கிராஜாவின் எண்ணை அமுக்கினார். மணி அடித்தது. ஆறு தடவை அடித்தது. ஒவ்வொரு அடிப்புக்கும் அவர் ஒரு ரூமாக எண்ணிக்கொண்டு போனதை நிறுத்த முடியவில்லை.

“சொல்லுங்க சார், நல்லாருக்கியளா” என்றான் இசக்கிராஜா. பின்னால் மெஷின் இரைச்சல். “இசக்கிராஜா, நல்லாக் கேட்டுக்குங்க. அஞ்சாம் ரூம்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்கறவங்க எல்லாரையும் இப்பவே வெளிய கூட்டிட்டு வாங்க. ஏழாம் ரூம்ல முதல்ல. மூக்குல ஈரத்துணி கட்டிக்கச் சொல்லுங்க. காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கமாப் போயி நிக்கட்டும். மெயின் வால்வை மூடச் சொல்லுங்க.” “பச்சைதான சார் எரியுது. இப்பவும் பாத்துட்டுத்தான் நிக்கேன்.” “அதை நம்பாதீங்க.” “என்ன சார் சொல்லுதீய?” நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். “நான் எழுதுனது தப்புங்க. பெட்டி முதல் நாலு ரூமைத்தான் பார்க்குது. மத்ததை ஆரம்பத்துல இருந்தே பார்க்கல. நீங்க ஓடுங்க, ஃபோனைக் கட் பண்ணாதீங்க.” அந்தப் பக்கம் இசக்கிராஜா பெயர் சொல்லிக் கத்துகிற சத்தம், இரும்புக் கதவு, ரப்பர் பூட்ஸ் கால்கள் ஈரத்தரையில் ஓடுகிற சத்தம், யாரோ ஒரு ட்ரேயைக் கீழே போட்டார்கள், எதுக்கு எதுக்கு என்று பெண் குரல்கள். மெஷின் இரைச்சல் இறங்கி நின்றது. அவர் ஃபோனைக் காதோடு நசுக்கிப் பிடித்திருந்தார். ஹாஜிரா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தாள், படித்து முடித்தும் நிமிரவில்லை. ஒரு நிமிஷம் என்பது இத்தனை நீளமா. வெளிக்காற்று ஃபோனில் மோதியது, இருமல்கள் கேட்டன, ஒருவருடையது அல்ல, பலருடையது. இசக்கிராஜா மூச்சு வாங்க எண்ணிக்கொண்டிருந்தான், இருபத்தாறு, இருபத்தேழு, லே அந்தப் பக்கம் நில்லுங்க, இருபத்தெட்டு. முப்பத்தொன்று என்று நிறுத்திவிட்டு, “எல்லாரும் வந்துட்டாவ சார்” என்றான். நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது.

“அந்த ஃபோன இங்க தா” என்று ஒரு பெண் குரல் கேட்டது. இருமி, துப்பி, பிறகு பக்கத்தில் வந்தது. “சார், நான் மரியபுஷ்பம் பேசுதேன். ஏழாம் ரூம்லதான் நிக்கேன், நாலு வருஷமா. போன வாரம் நாந்தான் உங்களுக்குச் சொல்லச் சொன்னது.” “தெரியுங்கம்மா” என்றார், தெரியாமலே. “பெட்டி பச்சையா இருக்கு, பிளீச்சிங் பவுடருன்னு கம்பெனியில இருந்தே சொல்லிட்டாவ, நீங்க வேலைக்குக் கள்ளம் பண்ணுதியன்னு ரெண்டு பிள்ளைகள வெள்ளிக்கிழமையே நிப்பாட்டிட்டாவ சார். ஒருத்தி என் அக்கா மவ. நான் வாய மூடிக்கிட்டதால நிக்கேன்.” கம்பெனியில இருந்தே. நாச்சிமுத்துவுக்குச் சிக்னலில் நின்ற அந்த நிமிஷம் வேன்காரன் ஹாரனோடு திரும்ப வந்தது. இரண்டு பிள்ளைகள். அவருக்குப் பெயர்கூடத் தெரியாது. “இப்ப நீங்க சொல்லுங்க. அந்தப் பெட்டி எங்க ரூமப் பாத்துச்சா, பாக்கலியா?” “பார்க்கலீங்கம்மா” என்றார். “ஒரு நாள்கூடவா?” “ஒரு நாள்கூடப் பார்க்கல. நீங்க சொன்னதுதான் நிஜம்.” அவள் யாரிடமோ ஸ்பீக்கர்ல எப்படிப் போடணும் என்று கேட்டாள், விரல் ஃபோனில் தட்டுகிற சத்தம் கேட்டது, சட்டென்று அந்தப் பக்கத்து வெட்டவெளி முழுக்கத் திறந்துகொண்ட மாதிரி இருமலும் காற்றும் பெரிதாகக் கேட்டன. “முதலாளியும் வந்துட்டாவ, எல்லாரும் நிக்கோம்” என்றாள் மரியபுஷ்பம். “இன்னொருக்கச் சொல்லுங்க சார்.” நாச்சிமுத்து எழுந்து நின்றார், ஏன் எழுந்தார் என்று தெரியவில்லை. இன்னொரு முறை சொன்னார், முதலிலிருந்து, கொஞ்சம் சத்தமாக.